பிலோமினாவும் மூன்றாம் நம்பர் பெட்டியும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது எத்திராஜிடமிருந்து போன் வந்தது. எத்திராஜ் என் பழைய வாடிக்கையாளன். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். "அண்ணே, நம்ம பழைய பார்ட்ஸ் பிலோமி பூட்ச்சுண்ணே. தூக்கத்துலயே போயிருக்குது. ஆவடி ஊட்லதான் வெச்சிகிறாங்க. ரெடியா இரு, நான் வண்டி எட்த்துகினு வரேன்" என்றான். நான் வரிசையை விட்டு வெளியே வந்து, மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டேன். செய்தி ஒரு அடி என்றால், அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு வந்த பெயர் இன்னொரு அடி. எத்திராஜ் கேலியாகச் சொல்லவில்லை, அவன் குரல் உடைந்துதான் இருந்தது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் வயதுக்காரர்களுக்கு பிலோமினாவின் பெயரே அதுவாகிவிட்டிருந்தது.

அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் "நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க" என்று அவர் கணவர் மரியதாஸ் கேட்டார். நாலு வார்த்தையில் முடியாது என்று அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன். 'பழைய பார்ட்ஸ்' என்ற அந்தப் பட்டப்பெயர் எங்கே பிறந்தது, அது எத்தனை பெரிய பொய் என்பது இத்தனை காலம் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவர் பிலோமினா. இன்னொருவர் என் மனைவி வசந்தா; அவள் போய் ஐந்து வருடமாகிறது. மிச்சம் இருப்பவன் நான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கள்ளிக்குப்பம் மெயின் ரோட்டில் எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. வீட்டுக்கு வீடு போன் வந்துகொண்டிருந்த காலம். கண்ணாடிக் கூண்டுக்குள் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துக்கட்டிய இரண்டு கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டு, பூத்தை அப்படியே 'வீடியோ கேம்ஸ்' கடையாக மாற்றினேன். எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள், காலேஜ் முடித்து வேலைக்கு அலைகிறவர்கள் எல்லாம் வந்து கார் ஓட்டினார்கள், துப்பாக்கி சுட்டார்கள். ஆனால் புதிதாக வரும் ஆட்டங்களை அந்தக் கிழட்டு மாடுகள் இழுக்கவில்லை. "புதுசா ஒண்ணு போடுண்ணா, இல்லாங்காட்டி நாங்க முகப்பேர் பக்கம் பூடுவோம்" என்று எத்திராஜ் மிரட்டினான். அப்போது யாரோ சொல்லித்தான் பிலோமினாவைத் தேடி ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

மரியதாஸ் அந்தக் குவார்ட்டர்ஸைச் சேர்ந்த ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிலோமினா அந்தக் குவார்ட்டர்ஸிலேயே பிறந்து, அதே குவார்ட்டர்ஸில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவர். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு, கல்யாணத்துக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பிறகு ஹார்டுவேர் கோர்ஸ் படித்திருந்தார். நான் போனபோது சமையல்கட்டு மேடையில் ஒரு பக்கம் சோறு வெந்துகொண்டிருந்தது, சாப்பாட்டு மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. எனக்கு வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் வரும். "வீட்டுக்காரர் இல்லையாம்மா? கம்ப்யூட்டர் விஷயமா பேசணும்" என்றேன். "அவரு வந்தா டீ போட்டுக் குடுப்பாருண்ணே. கம்ப்யூட்டர்னா என்கிட்டத்தான் பேசணும்" என்றார். அன்றைக்கே அண்ணன் தங்கையாகிவிட்டோம்.

எனக்குப் போடவிருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்கான சாமான்களை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அவரே போய் வாங்கி வந்தார். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் வந்ததை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். சென்ட்ரலில் ஏறிய பூக்காரம்மா, "இன்னாம்மா, புது டிவியா?" என்று கேட்டாளாம். "டிவி மாதிரிதான் ஆயா, ஆனா சீரியல் வராது" என்றாராம் பிலோமினா. "அப்பொறம் இன்னாத்துக்கு அத்தினி பெரிய பாரத்தைத் தூக்கினு வர்ற?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் பூக்காரம்மாவாகவே மாறிவிடுவார். வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர் இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள்.

அப்படி வந்ததுதான் மூன்றாம் நம்பர் பெட்டி. புது மாதிரி கேபினெட், புது பிராசஸர், படம் துல்லியமாகத் தெரிய தனியாக ஒரு கார்டு. கடை வாசலையொட்டி, சாமி படத்துக்குக் கீழே அதற்கு இடம் கொடுத்தேன். முதல் நாள் கூட்டம் தெரு வரை நின்றது. எத்திராஜ் கார் ஓட்டி முடித்து எழுந்து, "அண்ணாத்தே, இது கம்ப்யூட்டர் இல்ல, ராக்கெட்டு" என்றான். பிலோமினா ஓர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர், "யார் போட்டது?" என்று கேட்க, நான் பிலோமினாவைக் காட்டினேன். அந்த ஒரு வாரத்தில் நாலு பேர் அவரிடம் கம்ப்யூட்டர் கேட்டுப் போனார்கள். அவர் அதே ரோட்டில் கடைக்கு ஓர் அறை பார்த்து, அதன் சொந்தக்காரரிடம் வாடகை பேசியும் வைத்தார். 'பிலோமினா கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு எழுத எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்று என்னிடம்தான் கேட்டார். எத்தனை வருடங்கள் அந்தச் சமையல்கட்டிலேயே இதை மனதுக்குள் எழுதி வைத்திருந்தாரோ தெரியாது, அவ்வளவு விவரமாகச் சொன்னார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் மூன்றாம் நம்பர் பட்டென்று அணைந்தது. முன்னறிவிப்பு இல்லை, சத்தம் இல்லை. மறுபடி போட்டால் வந்தது. இரண்டு நாள் சும்மா இருந்தது, பிறகு மறுபடி அணைந்தது. ஒரு நாள் நான்கு தடவை, ஒரு நாள் ஒரு தடவையும் இல்லை. ஜெயிக்கப்போகிற நேரத்தில்தான் அணையும் என்று விளையாடுகிறவர்கள் சத்தியம் செய்தார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆபீஸில் கழித்துக்கட்டிய அந்த இரண்டு கிழட்டு மாடுகளும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

பிலோமினா தினமும் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆவடியிலிருந்து வருவார், மூன்று மணிக்குள் திரும்பிவிடுவார். ஒரு நாற்பது பக்க நோட்டை என்னிடம் கொடுத்தார். "எப்ப அணைஞ்சுதோ அந்த மணியை எழுதுங்க. என்ன ஆட்டம், எவ்ளோ நேரமா ஓடுச்சு, பக்கத்து மாவு மில்லு ஓடிக்கிட்டு இருந்துச்சா, வெயிலா மழையா, கடையில அப்ப என்னென்ன நடந்துச்சோ எல்லாம் எழுதுங்க. சின்ன விஷயம்னு எதையும் விட்டுடாதீங்கண்ணே" என்றார். முதல் நாள் மில் மோட்டார் போடும்போது கரண்ட் இறங்குகிறதா என்று மீட்டரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். மறுநாள் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அதற்கு அடுத்த நாள் மெமரி கார்டைக் கழற்றி, பிள்ளையின் பென்சில் ரப்பரால் அதன் ஓரத்தைப் பளபளவென்று தேய்த்து மாட்டினார். எனக்குப் பொறுமை கிடையாது. "எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணித் தொலையேன்" என்று கத்தினேன். "ஒரு நேரத்துல ஒண்ணைத்தாண்ணே மாத்தணும். ரெண்டை மாத்திட்டா, எது சரிபண்ணுச்சுன்னு தெரியாமயே போயிடும்" என்றார்.

நான் நோட்டில் ஒழுங்காகத்தான் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அது எழுதுகிற விஷயம் என்றே தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, பின்கட்டில் இருக்கும் வீட்டிலிருந்து வசந்தா தூபக்காலில் நெருப்புப் போட்டுக் கொண்டுவருவாள். நான் சாம்பிராணி தூவி, சாமி படத்துக்குக் காட்டி, கடை முழுக்கப் புகை போடுவேன். எந்தக் கடையில் போடவில்லை? மூன்றாம் நம்பர் வந்த பிறகு ஊரே அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதால், கண்பட்டுவிடும் என்று தூபக்காலை அதன் பின்னாலேயே வைத்து விசிறியால் நன்றாக விசிறினேன். அது அணைய ஆரம்பித்ததும் கண் பட்டேவிட்டது என்று முடிவு கட்டினேன். வாரம் ஒரு நாள் போட்ட புகையைத் தினமும் போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எத்திராஜ் கடைசிச் சுற்றில் இருக்கும்போது பெட்டி அணைந்துவிட்டது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, நானே திருப்புளியை எடுத்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை டப்பாவின் ஃபேன் கருகருவென்று, பிசுபிசுவென்று, அடுப்பங்கரைப் பரண் மாதிரி இருந்தது. மூன்று மாதச் சாமான் இப்படியா இருக்கும்? பழைய சாமானைப் புதிய டப்பாவில் போட்டு என் தலையில் கட்டிவிட்டாள் என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை பிலோமினா வந்தபோது கடை நிறைய ஆட்கள். அவர் பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டேன். "இது மூணு மாசச் சாமானா? எவன் வீட்டு ஓட்டைச் சாமானை எனக்குக் கட்டினே?" அவர் டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரியைப் பார்த்து அவரும்தான் திகைத்திருப்பார். "புதுசுதாண்ணே. பில்லு இருக்கு, அட்டைப்பெட்டி இருக்கு" என்றார். "அட்டைப்பெட்டி எங்கே வேணாலும் கிடைக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எத்திராஜ் நாற்காலியில் சுழன்றபடியே, "சரி வுடுண்ணா, நம்ம பழைய பார்ட்ஸ் பிலோமிதானே!" என்றான். மறுபடி சிரிப்பு. பெயர் பிறந்தது இப்படித்தான். எத்திராஜ் வைத்தான், ஆனால் கைப்பிடித்து எழுதவைத்தவன் நான்.

பிலோமினா அந்தக் கரி பிடித்த டப்பாவைத் தன் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். இந்தத் தடவை என் கண் முன்னாலேயே உறையைப் பிரித்தார். பெட்டி மூன்று வாரம் குதிரை மாதிரி ஓடியது. நாலாவது வாரம் மறுபடி பட்டென்று அணைந்தது.

ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். நல்ல மழை நாள், ஊரெல்லாம் தண்ணீர், கடையில் ஒருவரும் இல்லை. பிலோமினா நனைந்தபடி வந்தார். "பசங்க எங்க அம்மாகிட்ட இருக்காங்க. இன்னிக்கு இது ஏன் அணையுதுன்னு தெரியாம நான் போகமாட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். வசந்தா இரண்டு தடவை டீ கொண்டுவந்து கொடுத்தாள். மணி மூன்றைத் தாண்டியது, நாலைத் தாண்டியது. அத்தனை மாதத்தில் முதல் முறையாக, ஆறு மணிக்கு பிலோமினா என் கடையில் இருந்தார்.

வழக்கம்போல வசந்தா தூபக்காலைக் கொண்டுவந்தாள். நான் வாங்கி, சாமிக்குக் காட்டி, மூன்றாம் நம்பருக்குப் பின்னால் வைத்து விசிற ஆரம்பித்தேன். பிலோமினா எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, அதை அங்கயா வைக்கிறீங்க?" "பின்னே? திருஷ்டி பெட்டிக்குத்தானே" என்றேன். அவர் நோட்டிலிருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்தார். ஒன்றாம் நம்பர் பெட்டியின் பின்னால் பிடித்தார். காற்று தாளைத் தள்ளிப் பறக்கவிட்டது. இரண்டாம் நம்பரிலும் அப்படியே. மூன்றாம் நம்பரின் பின்னால் கொண்டுபோனதும் தாள் சடக்கென்று கம்பியோடு ஒட்டிக்கொண்டது. "இது புது மாதிரி கேபினெட்டுண்ணே. மத்த ரெண்டும் சூட்டை வெளிய தள்ளும். இது வெளிக்காத்தை உள்ள இழுத்துக் குளிரவைக்கும். நீங்க காட்டுற புகையை அப்படியே குடிக்குது" என்றார். பையிலிருந்து அந்தப் பழைய டப்பாவை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருங்க."

சாம்பிராணி மணத்தது. புகையின் பிசின் ஃபேன் அச்சில் ஏறி, அதன்மேல் தூசி படிந்து, சுற்றுகிற வேகம் குறைந்து, டப்பா சூடேறித் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. நோய் என்று நினைத்து நான் கொடுத்த மருந்துதான் நோய். பிலோமினா ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். "ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் தூபம் போடறப்போ தோணிச்சுண்ணே, இந்த வாசனையை வேற எங்கயோ மோந்திருக்கோமேன்னு. என் பையிலயே இருந்திருக்குது பாருங்க!" வசந்தாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் ஃபேனைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு மாட்டினார். தூபக்காலைக் கையோடு எடுத்து வாசல்படியில் வைத்தார். "சாமிக்குப் போடறதை நிறுத்த வேணாம். இங்கேருந்தே காட்டுங்க, அவருக்குத் தெரியும்" என்றார். கிளம்பும்போது குடையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பேரு கொடுத்த ஆர்டரை வேணாம்னுட்டாங்க. அந்த ரூம்காரரும் யோசிக்கிறாரு. நாளைக்கு எல்லாரும் வந்ததும், பிலோமி போட்ட சாமான் புதுசுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா அது சாக்கு. நீங்க சொன்னாத்தான் சாட்சி." நாளைக்கே சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் எத்திராஜ் வந்தான். புது ஆள் ஒருவன் விளையாடத் தெரியாமல் காரைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். "டேய் மட சாம்பிராணி, திருப்புடா!" என்று எத்திராஜ் அவன் முதுகில் தட்டினான். கடையே சிரித்தது. தட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "இன்னாண்ணா, மூணாம் நம்பருக்கு இன்னாதான் கோளாறாம்?" என்றான். நான் வாயைத் திறந்தேன். சாம்பிராணி என்ற சொல் அப்போதுதான் கடைக்குள் சிரித்து அடங்கியிருந்தது. நான் உண்மையைச் சொன்னால், அந்தச் சொல் அன்றிலிருந்து என் பெயர். சாம்பிராணிக் கடை, சாம்பிராணி தாமு, என் சாவுக்குக்கூட 'சாம்பிராணி பூட்ச்சு' என்றுதான் சொல்லியனுப்புவார்கள். இதெல்லாம் ஒரு நொடிக்குள் ஓடியது. "பவர் சப்ளை மாத்தினதுல சரியாப்போச்சு" என்றேன். "பாத்தியா? நான் அப்பவே சொல்லல? அது பழசுண்ணா" என்றான் எத்திராஜ். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு பட்டப்பெயருக்குப் பயந்து, எனக்கு வர வேண்டியதை அவருக்கே விட்டுவைத்தேன். என் கோழைத்தனத்துக்கு இதைவிட மரியாதையான பெயர் இல்லை.

பத்து நாள் கழித்து பிலோமினா வந்தார். "சொன்னீங்களாண்ணே?" என்று கேட்டார். "சொல்லிட்டேம்மா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "வர்ற வழியில மில்லுக்கிட்டகூட அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. சரி, ஊர் வாயை மூட உலைமூடியா இருக்குது?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தி, அந்தக் கத்தலிலாவது உண்மை வெளியே வந்திருக்கும். மூன்றாம் நம்பரை ஒரு தடவை போட்டு, ஃபேன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நல்லா ஓடுது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் என் கடைக்கு வரவில்லை.

அந்த அறையை வேறு யாரோ எடுத்து ஜெராக்ஸ் கடை வைத்தார்கள். பிலோமினா முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராகச் சேர்ந்தார். மிஷினைத் துடைப்பது, பிள்ளைகள் போன பிறகு எல்லாவற்றையும் அணைப்பது, பதிவேடு எழுதுவது. கோளாறு வந்தால் வெளியிலிருந்து ஆள் வருவானாம். இவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஓய்வு பெறும் வரை அதுதான் வேலை. இங்கே மூன்றாம் நம்பர் அதற்குப் பிறகு நாலு வருடம் ஒரு தடவைகூட அணையவில்லை.

பல வருடம் கழித்து ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தேன். நான் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தேன், அவர்தான் "அண்ணே!" என்று கூப்பிட்டார். அண்ணிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து அவளுக்கென்று கொடுத்தார். "மூணாம் நம்பர் என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டார். கடையே மூடியாயிற்று, ஆனால் மூடுகிற அன்று வரை ஓடியது என்றேன். "ஓடும்ண்ணே" என்றார், அத்தனை சந்தோஷத்தோடு. அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ரயில் வந்துவிட்டது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

எத்திராஜ் போன் செய்த அன்று ஆவடி வீட்டில், பெட்டிக்குள் வெள்ளைப் புடவையில் அவர் படுத்திருந்தார். கைவிரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. மரியதாஸ் என்னை ஓரமாக அழைத்துப்போய் உட்காரவைத்தார். "உங்க கடை மெஷின்ல என்னதான் கோளாறுன்னு நானும் எத்தனையோ தடவை கேட்டேங்க. கண்டுபிடிச்சாச்சு, அண்ணன் சொல்லுவாருன்னு மட்டும் சொல்வா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியாது. என்னங்க கோளாறு?" என்று கேட்டார். கட்டிய கணவரிடம்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசி வரைக்கும், அண்ணன் சொல்லுவார் என்று நம்பியிருக்கிறார். நான் அங்கே, எல்லோருக்கும் முன்னால், வாய்விட்டு அழுதேன். பிறகு அவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவ்ளோதானாங்க?" என்றார்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்பு எத்திராஜிடமும் சொல்லிவிட வேண்டும் என்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் சிரிப்பான் என்றுதான் இத்தனை காலம் பயந்தேன். எல்லாவற்றையும் கேட்டான். சிரிக்கவில்லை. கையில் இருந்த டீயைக் கீழே வைத்தான். "இன்னாண்ணே நீ. போன பொங்கலுக்குக்கூட மார்க்கெட்டாண்ட பாத்து, 'இன்னா பழைய பார்ட்ஸு, சௌக்கியமா'ன்னு கூப்ட்டேனே. திரும்பி நின்னு சிரிச்சுதே அது. 'நல்லா கீறேன் எத்திராஜு'ன்னு என்னை மாதிரியே பேசிக் காட்டிச்சே. அப்பக்கூட ஒண்ணும் சொல்லலியேண்ணே" என்றான். பிறகு உள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு நான் எழுந்து வந்தேன்.

பிலோமினாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது என்ன என்று கேட்டால், ஒரே ஒரு வாக்கியம்தான். அவர் கேட்டது, அவருக்குச் சேர வேண்டியது, அவர் உயிரோடு இருந்த வரை நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்தது. இந்த மலரைப் படிக்கிறவர்கள், கள்ளிக்குப்பத்தில் இதைப் படிக்காதவர்களுக்கும் சொல்லுங்கள். பிலோமினா போட்ட சாமான் அத்தனையும் புதுசு. கரி என்னுடையது.